மூன்றாம் மாடியில் முதல் கூட்டம்

சம்பளம் வாங்காமல் செய்யப்படும் வேலைகளிலேயே தலைசிறந்தது, அடுத்தவரைக் காத்திருக்கச் சொல்லும் வேலை. அது எல்லோருக்கும் வந்துவிடாது. அதற்கு நிறையப் பொறுமை வேண்டும். காத்திருக்கிறவருக்குத்தான், சொல்கிறவருக்கு ஒரு நாற்காலி போதும். சபை நடத்தும் அந்த முதியோர் இல்லத்தின் கௌரவ நிர்வாகக் குழுவுக்கு அப்படி ஐந்து நாற்காலிகள் இருந்தன. ஐந்துக்கும் மெத்தை.

நடு நாற்காலியில் தலைவர். டைல்ஸ் கடை முதலாளி. பதினோரு வருஷம் அதே நாற்காலியில் தொண்டு செய்து செய்து, மெத்தையில் அவர் உருவத்துக்கே பள்ளம் விழுந்துவிட்டது. அவருக்கு வலப்பக்கம் செயலாளர் அம்மா. பள்ளிக்கூட ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற சமாசாரம் அவருக்கு இன்னும் தெரியாது. இடப்பக்கம் சபைப் போதகர். இரண்டு ஓரத்திலும் ஒவ்வோர் உறுப்பினர். அவர்கள் குரல் எப்படி இருக்கும் என்று இல்லத்தில் ஒருவருக்கும் தெரியாது. கையெழுத்து நன்றாக இருக்கும்.

ஐந்து பேரும் தன்னலம் இல்லாமல் உழைத்தார்கள். இதை நாம் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டிய சிரமம் இல்லை. அவர்களே சொல்லிவிடுவார்கள்.

இந்தத் தொண்டின் அருமை தெரியாத ஒரு கிழவர் ஏழாம் அறையில் இருந்தார். லிப்டுக்காரர் என்றால்தான் தெரியும். நாற்பத்திரண்டு வருஷம் லிப்டு மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றி இறக்கியவர். ஆனால் ஏறினவர்கள் யாரும் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. அவர் எப்போதும் அவர்கள் காலுக்குக் கீழே, குழிக்குள் மண்டி போட்டுக்கொண்டிருந்தார். மண்டி போட்டே இரண்டு முழங்காலும் போயின. படிப்பு ஐந்தாம் வகுப்பு. யாராவது சிரித்த முகத்தோடு பேச வந்தால் சட்டைப் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

அவர் மனைவி மூன்றாம் மாடியில். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்து ஒன்றரை வருஷம். வாய் விழவில்லை. படுத்த படுக்கையான எல்லோருக்கும் மூன்றாம் மாடிதான். ஏன் அவ்வளவு உயரத்தில் என்று கேட்டால், "பரலோகத்துக்குப் பக்கம்" என்பார் போதகர். தலைவர் இன்னும் வெளிப்படையானவர். "கீழ வச்சா, பாக்க வர்றவங்க மனசு கஷ்டப்படுமே" என்பார். கிழவர், நானும் அங்கேயே ஒரு ஓரமாகப் படுத்துக்கொள்கிறேன் என்று கேட்டுப் பார்த்தார். நடமாடுகிறவர் தரைத்தளத்தில், படுத்தவர் மூன்றாம் மாடியில். கல்யாணம் ஆனதா ஆகவில்லையா என்பதெல்லாம் விதிமுறையில் இல்லை.

அதனால் வேளைக்கு ஒருமுறை லிப்டில் ஏறிப் போய் அவளுக்கு ஊட்டிவிட்டு வருவார். நர்ஸ் ஊட்டினால் அந்த அம்மாள் உதட்டை இறுக மூடிக்கொள்வாள். "நாப்பத்தொம்பது வருஷம் நான் ஆக்கிப் போட்டேன். இப்ப அவர் முறை. நீ நடுவுல வராதே" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டாள். நர்ஸும் வரவில்லை.

ஒரு நாள், அழுக்குத் துணி ஏற்றிய தள்ளுவண்டி தரைத்தளத்து லிப்டுக் கதவில் போய் முட்டியது. கதவு ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு தகடு உண்டு. கதவு மூடிவிட்டது, இனி நகரலாம் என்று லிப்டுக்குச் சொல்வது அதுதான். அது வளைந்துவிட்டது. கதவை மூடினாலும் மூடவில்லை என்றே லிப்டு நினைத்துக்கொண்டது. நின்றுவிட்டது. கிழவர் வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டி, இடுக்கு வழியாகப் பார்த்தார். இருபது நிமிஷ வேலை.

நேரே செயலாளர் அம்மாவிடம் போனார்.

"அம்மா, ஒரு ஸ்க்ரூடிரைவர் குடுங்க. மெயின் சுவிட்ச் ரூம் சாவி குடுங்க. மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள ஓட்டிடலாம்."

"நீங்க யாரு?"

"என்னம்மா, தெரியலயா? ஏழாம் ரூம்."

"அத கேக்கல. நீங்க தொண்டரா, பயனாளியா?"

"லிப்டு மெக்கானிக்."

"அப்படி ஒரு பிரிவே நம்ம விதிமுறையில இல்ல. ஏழாம் ரூம்னா பயனாளி. பயனாளி பயன் அடையணும், வேலை செய்யக்கூடாது. விதி ஒன்பது."

"சரி, நான் தொடல. வெளியிலேருந்து ஆள வரச் சொல்லுங்க. அவங்ககிட்ட தகடுன்னு மட்டும் சொன்னா போதும்."

"அத குழுதான் தீர்மானிக்கணும். மனு குடுங்க."

இந்த இடத்தில் அந்தக் குழுவின் மனுப் பரிசீலனை முறையைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். இப்படி ஒரு முறையை வேறெங்கும் பார்க்க முடியாது. முன்பிருந்த குழுக்கள் மனுக்களைப் பிரித்துப் படித்து வந்தன. படித்ததால் கருத்து வந்தது. கருத்தால் வாக்குவாதம் வந்தது. இப்போதைய தலைவர் வந்ததும் அந்தக் கெட்ட பழக்கத்தை ஒழித்தார். மனுவை உறையில் போட்டு ஒட்டி, ஜெபப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். மாதத்தின் முதல் சனிக்கிழமை பெட்டியைக் கவிழ்த்து, உறைகளை மேசையில் அடுக்கி, ஐந்து பேரும் அதன்மேல் கை வைத்து ஐந்து நிமிஷம் மௌனமாக ஜெபிப்பார்கள். உறையைப் பிரிக்க மாட்டார்கள்.

"பிரிச்சா உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சிடும்" என்று தலைவர் இதை விளக்குவது உண்டு. "தெரிஞ்சா மனசு ஒரு பக்கம் சாஞ்சிடும். ஆண்டவருக்கு உள்ள என்னன்னு தெரியும். அது போதாதா?"

ஐந்து நிமிஷம் முடிந்ததும் போதகர் கண்ணைத் திறந்து, தமக்குக் கிடைத்த பதிலைச் சொல்வார். செயலாளர் அம்மா அதைச் சீட்டுகளில் எழுதி, உறைக்கு ஒன்றாகக் குத்தி அனுப்புவார். பல வருஷமாக ஒரே பதில்தான் கிடைத்து வந்தது: "காத்திருக்கவும்."

லிப்டுக்காரர் ஒரு முழுச் சாயங்காலம் உட்கார்ந்து, எழுத்துக் கூட்டி மனு எழுதிப் போட்டார். காத்திருக்கவும்.

காத்திருக்கிற நேரத்தில் படி ஏறினார். அறுபத்தாறு படி. முதல் நாள் நாற்பது நிமிஷம் ஆயிற்று. கையிலிருந்த சாப்பாடு ஆறி, மேலே ஆடை கட்டிவிட்டது. ஐந்தாம் நாள் இரண்டாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நர்ஸ் ஓடி வந்து தூக்கினாள்.

"ஐயா, நீங்க இங்க விழுந்து வச்சா உங்களையும் மேலதான் போடணும். அதுக்கும் லிப்டு இல்ல."

"மேல போடுவாங்களா? நெசமாவா?"

"ஆசையப் பாரு! எறங்குங்க முதல்ல."

அதற்கப்புறம் டாக்டர் படியே ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் அவர் கீழ்ப்படியில் நின்று மேலே பார்த்துக் கத்த, மூன்றாம் மாடியில் நர்ஸ் கட்டிலை வாசல் வரை தள்ளிக்கொண்டு வந்து நிறுத்த, புருஷன் பெண்டாட்டி பேச்சு மாடிப்படிச் சந்து வழியாக நடந்தது.

"என்னங்க!"

"சொல்லும்மா!"

"சட்டைய மாத்தினீங்களா?"

"மாத்தினேன்!"

"பொய்! குரலே சொல்லுது!"

"நீ சாப்டியா?"

"நீங்க வாங்க, சாப்பிடறேன்!"

நான்கு நாள் இது நடந்தது. மாடிப்படிக்குப் பக்கத்து அறைதான் குழுவின் அறை. ஐந்தாம் நாள் சுற்றறிக்கை வந்தது. 'மாடிப்படிகளில் தனிப்பட்ட உரையாடல்களை உரத்த குரலில் நிகழ்த்துவது இல்லத்தின் தியானச் சூழலுக்குக் குந்தகமானது. இத்தகைய செயல்கள் இன்று முதல் தவிர்க்கப்படுகின்றன.' கீழே ஐந்து கையெழுத்து. ஓரத்து உறுப்பினர்களுடையதுதான் மிக அழகு.

இதற்கிடையில் குழு சும்மா இருந்துவிடவில்லை. தலைமைத்துவப் பயிற்சியாளர் ஒருவரை வரவழைத்து மூன்று நாள் பயிலரங்கு நடத்தியது. தலைப்பு, 'கேட்கும் தலைமை'. ஐந்து பேரும் மஞ்சள், பச்சை, ரோஜாநிறத்தில் சின்னச் சின்னக் காகிதங்களில் தங்கள் கனவுகளை எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டார்கள். இரண்டாம் நாள் லிப்டுக்காரர் அந்த அறைக்குப் போய்க் கதவைத் தட்டப் பார்த்தார். கதவில் ஓர் அட்டை தொங்கியது: 'கேட்டுக்கொண்டிருக்கிறோம். தயவுசெய்து தொந்தரவு செய்யாதீர்கள்.'

பயிலரங்கின் முடிவில் குழு தனக்கென்று ஒரு கொள்கை வாசகத்தைக் கண்டடைந்தது: 'உயர்த்தும் கரங்கள்'. ஆளுயரத்தில் அகலமான துணியில் அதை அச்சடித்து, எங்கே மாட்டலாம் என்று தேடினார்கள். தரைத்தளத்தில் அந்த அளவுக்குச் சும்மா கிடந்த இடம் ஒன்றுதான் இருந்தது. லிப்டுக் கதவு மறைந்தது.

இரண்டாம் மாத மனுவுக்கும் காத்திருக்கவும்.

மூன்றாம் மாத மனு எழுத அவர் உட்கார்ந்த அன்று நர்ஸ் வந்தாள். எப்போதும் சிரித்துக்கொண்டே வருகிறவள் அன்று சிரிக்கவில்லை.

"மூணு ஸ்பூன்தான் ஐயா. அதுவும் நீங்க குடுத்து விட்டதா பொய் சொல்லி ஊட்டினேன். உடம்பு தொவச்ச துணி மாதிரி ஆயிடுச்சு. இப்படியே போனா மூக்குல குழாய் போடணுங்கறாரு டாக்டர்."

"பேசறாளா?"

"கொறஞ்சு போச்சு. நேத்து ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. 'அவருக்கு என் மேல ஏதும் கோவமா?'ன்னு."

கிழவர் பேனாவை மூடிக் கீழே வைத்தார். படிக்கப் போவதில்லை, எதற்கு மையைத் தீர்க்க வேண்டும்? வெள்ளைத் தாளை அப்படியே நாலாக மடித்து உறையில் போட்டு, எச்சில் தொட்டு ஒட்டிப் பெட்டிக்குள் தள்ளினார். அவர் வாழ்நாளில் எழுதிய மனுக்களிலேயே பிழையில்லாதது அதுதான்.

அந்த மாதம் அதிசயம் நடந்தது. சபை இல்லங்களின் சம்மேளனம் 'சிறந்த தொண்டுத் தலைமை விருது' ஒன்றை அறிவித்து, ஒரு படிவம் அனுப்பியிருந்தது. அதில் ஒரு கட்டம்: பெற்ற மனுக்கள் எத்தனை, ஏற்ற மனுக்கள் எத்தனை? செயலாளர் அம்மா கூட்டத்தில் அதை வாசித்துவிட்டுத் தலைவரைப் பார்த்தார். தலைவர் போதகரைப் பார்த்தார். போதகர் கண்ணை மூடினார். அன்றைக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. இரண்டே நிமிஷத்தில் பதில் வந்துவிட்டது.

"ஏற்கப்பட்டது" என்றார் போதகர்.

"எது?"

"எல்லாமே."

பதினோரு உறைகளின் மேலும் 'கோரியபடியே முழுமையாக ஏற்கப்பட்டது' என்று முத்திரை குத்தி, ஐந்து பேரும் கையெழுத்திட்டு, சாப்பாட்டு அறையில் கைதட்டலுக்கு நடுவே உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த வாரம் சம்மேளனத்தார் விருதோடு வருவதாகவும் அறிவித்தார்கள். கிழவர் அறைக்கு வந்து உறையைக் கிழிக்காமல் மெல்லப் பிரித்தார். வெள்ளைத் தாள், போட்ட மடிப்புக் கலையாமல் இருந்தது. அதை 'கோரியபடியே முழுமையாக' ஏற்றிருந்தார்கள்.

கூடவே வந்த நர்ஸ் பேனாவை எடுத்து அவர் கையில் திணித்தாள். "ஐயோ, ஐயா! எழுதுங்க, எழுதுங்க! லிப்ட சரி பண்ணணும்னு எழுதுங்க. இல்ல, அம்மாவக் கீழ கொண்டு வரணும்னு எழுதுங்க!"

"அவசரப்படாதே. பதினோராம் ரூம் அம்மா கக்கூஸ்ல பிடிச்சுக்க ஒரு கம்பி கேட்டிருந்தாங்க. அவங்க உறைக்கும் இதே முத்திரைதான். கம்பி வந்துச்சா?"

"வரல."

"வராது. ஏத்துக்கிட்டாங்க, அவ்வளவுதான். நமக்கு வேணுங்கறத கேட்டா இவங்க செய்ய மாட்டாங்க. அவங்களுக்குப் பேர் வர்ற மாதிரி ஒண்ணக் கேக்கணும்."

அரைமணி நேரம் யோசித்தார். பிறகு இரண்டே வரி எழுதி, உறையை மறுபடி ஒட்டி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை சம்மேளனத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். தலைமை ஏற்று வந்தது ஓர் அம்மாள். அறுபது வயது, ஒல்லி, காலில் கான்வாஸ் ஷூ. தினம் காலையில் ஐந்து மைல் நடப்பதாகக் காரிலிருந்து இறங்கும்போதே சொன்னார். சாப்பாட்டு அறையில் விழா. தலைவர் பதினோரு வருஷத் தொண்டைப் பற்றிப் பேசினார். சுருக்கமாகத்தான், வருஷத்துக்கு நாலு நிமிஷம். அப்புறம் சம்மேளனத்து அம்மாள் எழுந்தார்.

"மனுக்கள் நூற்றுக்கு நூறு ஏத்துக்கிட்ட இல்லம் இது ஒண்ணுதான்! எனக்கே ஆச்சரியமா இருக்கு. யாராவது ஒருத்தர் மனுவ நான் வாசிக்கலாமா?"

செயலாளர் அம்மா இரண்டாம் அறைப் பாட்டியை நோக்கிக் கண் காட்டினார். அந்தப் பாட்டி கேட்டது பிரார்த்தனைப் புத்தகம்தான் என்று முன்னமே விசாரித்து வைத்திருந்தார். ஆனால் பாட்டி எழுந்திருப்பதற்குள் லிப்டுக்காரர் தடியை ஊன்றி முன்னால் போய்விட்டார்.

"இந்தாங்கம்மா. கண்ணு மங்கிப் போச்சு. நீங்களே வாசிங்க."

சம்மேளனத்து அம்மாள் உறையைத் தூக்கிக் காட்டினார். முத்திரை, ஐந்து கையெழுத்து. பிரித்து உரக்க வாசித்தார்:

"'மூன்றாம் மாடியில் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நடுவில்தான் இனிமேல் நிர்வாகக் குழுவின் எல்லாக் கூட்டமும் நடக்க வேண்டும். முதல் கூட்டம் சம்மேளனத்தார் வரும் அன்றே நடக்க வேண்டும்.'"

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் போதகரைப் பார்த்தார். போதகர் கண்ணை மூடினார், ஆனால் இம்முறை ஒன்றும் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

சம்மேளனத்து அம்மாள் தலைவரின் கையைப் பிடித்துக்கொண்டார். "முப்பது இல்லம் பாத்துட்டேன். எல்லா இடத்துலயும் நிர்வாகம் கீழ, நோயாளிங்க மேல. நீங்கதான்... நீங்கதான் தலைவர்! வாங்க, போகலாம்!"

"இப்பவேவா?" என்றார் தலைவர்.

"'அன்றே'ன்னு நீங்கதானே ஏத்துக்கிட்டிருக்கீங்க! மூணு மாடின்னா லிப்டு இருக்குமே, எங்க இருக்கு?"

'உயர்த்தும் கரங்கள்' துணியை எடுத்தால் உயர்த்தாத லிப்டு தெரிந்துவிடும். விருது இன்னும் அந்த அம்மாள் பையில் இருந்தது.

"படி ஏறித்தான் போவோம்" என்று செயலாளர் அம்மா பளிச்சென்று சொன்னார். "பயனாளிகளோட கஷ்டத்த நாங்களும் உணரணும் இல்லையா!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. பயனாளிகள் அவ்வளவு மனமுவந்து கைதட்டி அந்தக் குழு பார்த்ததே இல்லை.

ஊர்வலம் கிளம்பியது. கான்வாஸ் ஷூ முன்னால் தாவித் தாவிப் போயிற்று. முதல் மாடி வரை தலைவர் தொண்டுத் தலைமை என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டே ஏறினார். இரண்டாம் மாடி வரை, "ஆமாம்... ஆமாம்" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் ஒன்றும் விளக்கவில்லை. கீழே மாடிப்படிச் சந்தில் காதை வைத்து நின்ற லிப்டுக்காரர், செருப்புச் சத்தத்தை எண்ணிக்கொண்டே வந்தார். அறுபத்து நாலு. அறுபத்தைந்து. அப்புறம் 'கடக்' என்று ஒரு சத்தம். நாற்பத்திரண்டு வருஷம் இயந்திரச் சத்தங்களோடு வாழ்ந்தவருக்கு அது எந்தப் பாகம் என்று கேட்ட உடனே தெரிந்துவிட்டது. முழங்கால்.

மேலே எட்டுக் கட்டில், ஏழு பேர். நாலாம் கட்டில் போன வாரம்தான் காலியானது. அதில் இருந்தவர் படி வழியாகத்தான் இறங்கினார், போர்வையில். தலைவரை நாலு பேர் தாங்கிக் கொண்டுபோய் அதில் போட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்த லிப்டுக்காரர் மனைவி தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"புதுசா சேந்திருக்கீங்களா தம்பி?"

"அம்மா, நான் தலைவர்..." என்று முனகினார் அவர்.

"ஆகட்டும். ஆறாம் கட்டில்ல இருக்கறவர் தன்ன மந்திரின்னு சொல்லிக்கறார். நாங்க யாரும் ஒண்ணும் சொல்றதில்ல."

"இல்லம்மா, நெசமாவே இந்த இல்லத்துக்குத் தலைவர். பதினோரு வருஷமா."

"அப்படியா? நான் ஒன்றரை வருஷமா இங்க கெடக்கறேன், உங்கள ஒருநாளும் பாக்கலையே. எந்த வழியா வந்து போவீங்க?"

சம்மேளனத்து அம்மாள் நோட்டுப் புத்தகத்தில் என்னவோ குறித்துக்கொண்டார்.

தலைவரைக் கீழே கொண்டுபோவது எப்படி என்ற பிரச்சினை எழுந்தது. நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிப் பார்த்தார்கள். படித் திருப்பம் குறுகல். நாற்காலி திரும்பினால் தலைவர் திரும்பவில்லை, தலைவர் திரும்பினால் தூக்கினவர்கள் திரும்பவில்லை. முழங்கால் பூசணி மாதிரி வீங்கிக்கொண்டிருந்தது.

"இதனாலதான் சார் இவங்க யாரும் எழுபத்தஞ்சு நாளா கீழ எறங்கல" என்றாள் நர்ஸ், யாரையும் பார்க்காமல்.

"எழுபத்தஞ்சு நாளா? ஏன், லிப்டு இல்லையா இங்க?" என்றார் சம்மேளனத்து அம்மாள்.

செயலாளர் அம்மா தொண்டையைச் செருமினார். "அது சம்பந்தமா ஒரு தீர்மானம் நிலுவையில இருக்கு. குழு முழுசா இங்கயே இருக்கறதால, இப்பவே ஒரு ஐந்து நிமிஷம் மௌனமா ஜெபிச்சு..."

"ஜெபம் கெடக்கட்டும்!" என்று நாலாம் கட்டிலிலிருந்து ஒரு அலறல் வந்தது. "லிப்ட ஓட்டுங்கய்யா! யாராவது லிப்ட ஓட்டுங்க!"

"விதி ஒன்பதின்படி பயனாளி..."

"சாவியக் குடுங்கம்மா அந்த ஆளுகிட்ட!"

ஓரத்து உறுப்பினர்களில் ஒருவர் அப்போதுதான் முதன்முதலாக வாய் திறந்தார். மாடிப்படிச் சந்தில் எட்டிப் பார்த்து, "ஏழாம் ரூம்! ஏழாம் ரூம்!" என்று கத்தினார். நல்ல கணீரென்ற குரல். பதினோரு வருஷம் வீணாகப் போயிருந்தது.

சாவிக் கொத்து மூன்று மாடியும் கலகலவென்று இறங்கி வந்து கிழவர் காலடியில் விழுந்தது. ஸ்க்ரூடிரைவரை வாட்ச்மேன் கொடுத்தார். துணியை அவிழ்க்க அவருக்குப் பொறுமை இல்லை. 'உயர்த்தும்' ஒரு பக்கம், 'கரங்கள்' ஒரு பக்கமாகக் கிழித்து இழுத்தார். மெயின் சுவிட்சை அணைத்தார். மண்டி போட முடியவில்லை. தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, வளைந்த தகட்டைக் கழற்றி, படிக்கட்டு விளிம்பில் வைத்துத் தட்டி நிமிர்த்தி, திரும்பப் பொருத்தி, மெயின் சுவிட்சைப் போட்டார். பத்தொன்பது நிமிஷம் ஆயிற்று. ஒரு நிமிஷம் மிச்சம். அதைச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பதில் செலவழித்தார்.

சமையற்கட்டில் போய் ஒரு தட்டுச் சாப்பாடு வாங்கினார். சூடாகப் போடச் சொன்னார். லிப்டில் ஏறிப் பொத்தானை அழுத்தினார்.

மூன்றாம் மாடியில் கதவு திறந்ததும், தள்ளுநாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்த தலைவர், "வழி விடுங்க, வழி விடுங்க" என்றார். கிழவர் அவரைச் சுற்றிக்கொண்டு மனைவியின் கட்டிலுக்குப் போனார். எழுபத்தைந்து நாளில் அவள் முகத்தில் எலும்பு தெரிந்தது. அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அதே சட்டை" என்றாள்.

"வாயத் தெற."

திறந்தாள்.

தலைவர் போய்விடலாம் என்று பார்த்தார். ஆனால் சம்மேளனத்து அம்மாள் நோட்டை மூடவில்லை. "முழங்காலுக்கு ஆறு மாசமாவது ஆகும்னு நர்ஸ் சொல்றாங்க. அது வரைக்கும் படி ஏற முடியாது. ஆனா கூட்டம் இங்கதான் நடக்கணும். அத நான் சம்மேளனத்துல எழுதிப் பதிவு செய்யப் போறேன், மாசா மாசம் ஆள் அனுப்பிப் பாப்பேன். அதனால..."

"அதனால லிப்டு ஒருநாளும் நிக்கக்கூடாது" என்று தலைவரே தீர்மானத்தை முடித்தார். "ஒருநாளும் நிக்கக்கூடாது! எழுதிக்கோங்கம்மா." செயலாளர் அம்மா எழுதிக்கொண்டார். ஐந்து பேரும் அங்கேயே கையெழுத்திட்டார்கள். அந்தக் குழு ஒரு காரியத்தை என்னவென்று தெரிந்துகொண்டு தீர்மானித்தது அதுவே முதல் தடவை.

இவ்வளவு தொண்டு நடந்த இடத்தில் சும்மா கலைந்து போவது போதகருக்கு மனம் ஒப்பவில்லை. "தலைவர் நமக்காகத்தான் இந்த வேதனைய ஏத்துக்கிட்டார். அவர் முழங்கால் சீக்கிரமா குணமாகணும்னு எல்லாரும் சேந்து ஜெபிப்போம். லிப்டுக்காரய்யா, இன்னிக்கு உங்க வாயாலயே சொல்லுங்க."

கிழவர் கரண்டியைத் தட்டில் வைத்தார். எல்லோரும் கண்ணை மூடினார்கள்.

"ஆண்டவரே," என்றார், "இங்க இருக்கற ஏழு பேருக்கும் உடம்பக் குடும். நர்ஸுக்கு ஒரு லீவு குடும். ஆனா தலைவரோட முழங்கால மட்டும் தயவுசெஞ்சு குணமாக்கிடாதேயும். இந்தக் குழுவுல இது வரைக்கும் எங்களுக்காக வேலை செஞ்சது அது ஒண்ணுதான்."

ஏழு கட்டிலிலிருந்தும் "ஆமென்" வந்தது.